இரட்டைச் சுருள் சப்வூஃபர்: நான்கு ஓமா, ஒரு ஓமா?

கார் ஸ்டீரியோ கடைக்குச் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலியான பாஸைத் தரும் ஸ்பீக்கர்) வாங்க வருபவர்கள் அங்குலத்தைக் கேட்கிறார்கள், வாட்டைக் கேட்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள். மாதிரி எண்ணின் கடைசி இலக்கத்தைக் கேட்பவர்கள் அரிது. கிக்கர் நிறுவனத்தின் காம்ப்ஆர் வரிசையில் 12 அங்குல சப்வூஃபர் 43சிடபிள்யூஆர்122 என்றும் 43சிடபிள்யூஆர்124 என்றும் இரு வகையாக வருகிறது. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டுமே 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சராசரித் திறன்) தாங்கக்கூடியவை. முதலாவதற்குள் இரண்டு 2 ஓம் வாய்ஸ் காயில்கள், அதாவது கூம்பைத் தள்ளும் கம்பிச் சுருள்கள், இருக்கின்றன, இரண்டாவதற்குள் இரண்டு 4 ஓம் காயில்கள். காரில் ஏற்கெனவே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் தன் முழுத் திறனையும் தருமா, அதில் ஒரு பகுதியோடு நிற்குமா, அல்லது ஆபத்தைக் கண்டு தன்னை அணைத்துக்கொண்டதைக் காட்டும் புரொடெக்ட் விளக்கை எரியவிட்டுப் பேசாமல் இருந்துவிடுமா என்பதைப் பெரும்பாலும் அந்த ஓர் இலக்கமே முடிவு செய்துவிடுகிறது.

என் மனைவியின் தம்பி தன் ஸ்விஃப்ட் காரில் ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட் நிறுவனத்தின் ஆர்500எக்ஸ்1டி என்ற மோனோ (ஒற்றைச் சேனல்) ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தி வைத்திருந்தான். 4 ஓம் சுமைக்கு, அதாவது அதோடு இணைக்கும் ஸ்பீக்கரின் தடை 4 ஓமாக இருந்தால், 300 வாட், 2 ஓம் சுமைக்கு 500 வாட் என்பது அதன் அறிவிக்கப்பட்ட திறன். 1 ஓம் சுமைக்கு அது வடிவமைக்கப்படவில்லை. பிறகு, நல்ல விலைக்குக் கிடைத்ததென்று 122 வகை சப்வூஃபரை வாங்கி வந்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வேலை தெரிந்த ஒருவர், இரண்டு காயிலையும் பேரலலாகப் போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். “சீரீஸ்ல போட்டா பாஸ் செத்துடும்னு சொல்றாங்க மாமா, நிஜமா?” என்று என்னிடம் கேட்டான். இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் இந்த நம்பிக்கை பரவலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதன் பாதி உண்மையானது என்பதுதான் அந்தக் காரணம். மீதிப் பாதியைப் பிரித்தறிவதற்குச் சற்றுக் கணக்கு வேண்டியிருக்கிறது.

இரட்டைச் சுருள் சப்வூஃபர் என்பது ஒரே உடலுக்குள் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் அல்ல. ஒரே உருளையின் மேல் தனித்தனியாகச் சுற்றப்பட்ட இரண்டு கம்பிச் சுருள்கள், ஒரே காந்த இடைவெளிக்குள், ஒரே கூம்பைச் சேர்ந்து தள்ளுகின்றன. வீட்டு ஒலிபெருக்கிகளில் இடது சேனல் ஒரு சுருளுக்கும் வலது சேனல் மற்றொரு சுருளுக்கும் போய், இரண்டின் பாஸும் ஒரே கூம்பில் கலக்கும்படி செய்வதற்கு இந்த அமைப்பு பயன்பட்டிருக்கிறது. காரில் அந்தத் தேவை பெரும்பாலும் இல்லை. இங்கே இரட்டைச் சுருளால் கிடைப்பது இணைப்பில் ஒரு தெரிவு மட்டுமே. ஒலித்தரம் அதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

தெரிவு இரண்டே வகை. ஆம்ப்ளிஃபயரின் நேர்முனையிலிருந்து முதல் சுருளின் நேர்முனைக்கு வந்து, முதல் சுருளின் எதிர்முனையை இரண்டாவது சுருளின் நேர்முனையோடு சேர்த்து, இரண்டாவதின் எதிர்முனையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குத் திரும்பினால் அது தொடரிணைப்பு. கடைக்காரர் சொல்லும் சீரீஸ். இரு நேர்முனைகளை ஒன்றாகவும் இரு எதிர்முனைகளை ஒன்றாகவும் கட்டினால் பக்க இணைப்பு, அதாவது பேரலல். தொடரிணைப்பில் தடைகள் கூடும், பக்க இணைப்பில் சமமான இரண்டு தடைகள் பாதியாகும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். ஆகவே 2 ஓம் சுருள்கள் இரண்டும் 4 ஓம் அல்லது 1 ஓம் சுமையாகும். 4 ஓம் சுருள்கள் இரண்டும் 8 ஓம் அல்லது 2 ஓம் சுமையாகும். ஒரே சப்வூஃபரின் இரண்டு இணைப்புகளுக்கும் இடையே எப்போதும் நான்கு மடங்கு தூரம் இருக்கிறது. நடுவில் நிற்க இடமில்லை. 2 ஓம் வேண்டும் என்று கேட்கும் ஆம்ப்ளிஃபயரிடம் 122-ஐக் கொண்டுபோனால் 4 கிடைக்கும், 1 கிடைக்கும். அது கேட்கும் 2 மட்டும் கிடைக்காது. 124 வாங்கியிருந்தால் பக்க இணைப்பில் நேராக 2 ஓமுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இனி ஆம்ப்ளிஃபயரின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயர் வாட்டை உற்பத்தி செய்து ஸ்பீக்கருக்குள் தள்ளுவதில்லை. அது வோல்ட்டைத் தருகிறது. அந்த வோல்ட்டுக்கு எவ்வளவு ஆம்பியர் ஓடும் என்பதைச் சுமையின் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, தீர்மானிக்கிறது. இரண்டையும் பெருக்கினால் வருவது வாட். நம் ஆம்ப்ளிஃபயரின் எண்களைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 4 ஓமில் 300 வாட் என்றால் வெளியீட்டில் 34.6 வோல்ட், 8.7 ஆம்பியர். 2 ஓமில் 500 வாட் என்றால் 31.6 வோல்ட், 15.8 ஆம்பியர். ஆம்பியர் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. வோல்ட் கொஞ்சம்தான் தளர்கிறது. அந்தத் தளர்வு இல்லாத இலட்சிய ஆம்ப்ளிஃபயராக இருந்தால் 2 ஓமில் 600 வாட் வந்திருக்க வேண்டும். சுமையைக் குறைத்தால் பாஸ் கூடும் என்ற நம்பிக்கையின் உண்மையான பாதி இதுதான்: வோல்ட் ஏறத்தாழ நிலையாக இருக்க, தடை குறையக் குறைய வாட் கூடுகிறது.

அதே 31.6 வோல்ட்டை 1 ஓம் சுமையின் மேல் வைத்தால் 31.6 ஆம்பியர் ஓட வேண்டும், 1,000 வாட் வர வேண்டும். காகிதத்தில் வரும். ஆனால் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட்டுகள் (மின்னோட்டத்தைக் கையாளும் டிரான்சிஸ்டர்கள்) 16 ஆம்பியர் அளவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆம்பியர் இரட்டித்தால் அவற்றில் பிறக்கும் கடத்தல் வெப்பம் நான்கு மடங்காகும், ஏனென்றால் அது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நல்ல ஆம்ப்ளிஃபயர் என்றால் பாதுகாப்புச் சுற்று குறுக்கிட்டு அணைத்துவிடும். ஒலியளவு குறைவாக இருக்கும்வரை ஒன்றும் நடக்காது என்பதுதான் இதில் உள்ள சூது: கடை வாசலில் அளவாக வைத்துப் பாடவிட்டால் எல்லாம் சரியாகவே கேட்கும், நெடுஞ்சாலையில், மே மாத வெயிலில், இருக்கைக்கு அடியில் காற்றோட்டம் இல்லாத இடத்தில் சூடேறிய பிறகே அது தன் எதிர்ப்பைத் தெரிவிக்கும். பாதுகாப்புச் சுற்று சற்றுத் தாமதமாக விழித்துக்கொள்ளும் மலிவான பெட்டிகளில் அந்த எதிர்ப்பு புகையாக வெளிவருவதும் உண்டு.

ஆக 122-க்கு இந்த ஆம்ப்ளிஃபயரோடு தொடரிணைப்பு ஒன்றே வழி. 500 வாட் கிடைக்கக்கூடிய இடத்தில் 300 வாட். இதைக் கேட்டதும் மைத்துனனின் முகம் சுருங்கியது. பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வீணானது போல அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் காது வாட்டை அப்படிக் கணக்கிடுவதில்லை. 300-க்கும் 500-க்கும் உள்ள வேறுபாடு 2.2 டெசிபல். திறனை இரட்டித்தால் 3 டெசிபல். ஒலி இரண்டு மடங்காகக் கேட்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 10 டெசிபல். தாழ்ந்த அதிர்வெண்களில் காது ஏற்ற இறக்கத்தைச் சற்றுக் கூடுதலாக உணரும் என்பதையும் சேர்த்துக்கொண்டாலும், 2.2 டெசிபல் என்பது ஸ்டீரியோவின் சப்வூஃபர் அளவை ஓரிரு படி ஏற்றுவதற்கு மேல் பெரிய சங்கதி அல்ல. காரின் டிக்கியில் பெட்டியை எந்தப் பக்கம் பார்த்து வைக்கிறோம் என்பதே பல நேரங்களில் இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்துவிடும்.

இங்கே ஒரு குறுக்குவழி எல்லோருக்கும் தோன்றும், அவனுக்கும் தோன்றியது. ஆம்ப்ளிஃபயர் கேட்பது 2 ஓம். சப்வூஃபரின் ஒரு சுருள் 2 ஓம். அப்படியானால் ஒரே ஒரு சுருளை மட்டும் இணைத்து மற்றதை அந்தரத்தில் விட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடுமே? சுமை நேராகிவிடும் என்பது உண்மை; ஆம்ப்ளிஃபயரும் நிம்மதியாக 500 வாட்டைத் தரும். ஆனால் சப்வூஃபரின் இயந்திரம் பாதியாகிவிடுகிறது. காந்தப் புலத்துக்குள் இருக்கும் கம்பியில் பாதிதான் இப்போது உழைக்கிறது. சுருளின் உந்துதிறனைக் குறிக்கும் காரணியின் வர்க்கத்தை அதன் தடையால் வகுத்துப் பார்த்தால், இரண்டு சுருளும் ஓடும்போது கிடைப்பதில் சரிபாதி, ஒரு சுருள் ஓடும்போது கிடைக்கிறது. அதன் விளைவாக ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒலி 3 டெசிபல் குறைகிறது. அதாவது ஒரு சுருளில் கொட்டும் 500 வாட், இரண்டு சுருளில் பாயும் 250 வாட்டுக்குச் சமம். தொடரிணைப்பில் கிடைக்கும் 300 வாட் அதைவிட அதிகம்! போதாததற்கு, 500 வாட்டின் வெப்பம் முழுவதையும் பாதி அளவு செம்பு மட்டும் சுமக்க வேண்டியிருக்கிறது. 500 வாட் தாங்கும் என்ற உறுதிமொழி இரண்டு சுருளுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது; ஒரு சுருளுக்கு அதில் பாதியை வைத்துக்கொள்வதே நியாயம்.

அதோடு முடிவதில்லை. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீலும், பின்னர் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்துத் தந்த அளபுருக்களைக் கொண்டுதான் இன்று எல்லா சப்வூஃபர் பெட்டிகளின் கொள்ளளவும் கணக்கிடப்படுகிறது. அவற்றுள் மின்சார வழியில் கூம்பு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண், ஒரு சுருளைக் கழற்றிவிட்டால் இரட்டித்துவிடும்; எண் கூடினால் கட்டுப்பாடு தளர்கிறது என்று பொருள். தயாரிப்பாளர் பரிந்துரைத்த கொள்ளளவில் செய்த மூடிய பெட்டி இப்போது பொருந்தாப் பெட்டியாகிவிடும். ஒத்ததிர்வை (கூம்பு இயல்பாகவே அதிரும் அதிர்வெண்ணை) ஒட்டிய பகுதி புடைத்துக்கொண்டு, பாஸ் இறுக்கம் இழந்து இழுபடும். தொடரிணைப்பு, பக்க இணைப்பு இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை. தொடரில் உந்துகாரணி இரட்டிக்கிறது, தடையும் இரட்டிக்கிறது; பக்க இணைப்பில் உந்துகாரணி ஒற்றையாக நிற்க, தடை பாதியாகிறது; உந்துகாரணியின் வர்க்கத்தைத் தடையால் வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே விடைக்கு வருகின்றன. ஒத்ததிர்வு எண்ணும் மாறாது, பெட்டியின் அளவும் மாறாது, ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒலியும் மாறாது. “சீரீஸில் பாஸ் செத்துவிடும்” என்ற கூற்றின் தவறான பாதி இதுதான். ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாற்றி மாற்றிக் கேட்கும்போது சீரீஸில் ஒலி குறைவது வாட் குறைவதால். இணைப்பின் குணத்தால் அல்ல.

இதற்கு நல்ல சான்று ஜேஎல் ஆடியோவின் 500/1 ஆம்ப்ளிஃபயர். அதன் மின்வழங்கி சுமையை அறிந்து தன் உள்வோல்ட்டைத் தானே சரிசெய்துகொள்வதால், 1.5 ஓமிலிருந்து 4 ஓம் வரை எந்தச் சுமைக்கும் அதே 500 வாட்டைத் தரும். அதில் 2 ஓமாகக் கட்டினாலும் 4 ஓமாகக் கட்டினாலும் ஒலியளவு ஒன்றுதான். இப்படிச் செய்வதற்குச் செலவு அதிகம் என்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் செய்வதில்லை.

டாம்பிங் ஃபேக்டர் (சுமையின் தடையை ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுத் தடையால் வகுத்தால் வரும் எண்) பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், ஏனென்றால் 4 ஓமில் பாஸ் இறுக்கமாக இருக்கும், 1 ஓமில் தளர்ந்துவிடும் என்று எதிர்த்திசையிலும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. 4 ஓமில் 200 என்று குறிப்பிடும் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுத் தடை 0.02 ஓம், சுமை 2 ஓமானால் அந்த எண் 100 ஆகிவிடுவது உண்மையே. ஆனால் கூம்பைப் பிடித்து நிறுத்தும் மின்னோட்டம் அந்த 0.02 ஓமை மட்டும் கடப்பதில்லை. சுருளின் சொந்தத் தடையான சுமார் 1.7 ஓமையும் கடந்தாக வேண்டும். 1.70-க்கும் 1.72-க்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் கண்டுபிடிப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கட்டி முடித்த பிறகு, ஆம்ப்ளிஃபயரோடு சேர்ப்பதற்கு முன்பாக, பெட்டியின் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. ஆனால் அது காட்டும் எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத் தடையை. பெட்டியில் அச்சிட்டிருப்பது பெயரளவு இம்பீடன்ஸை. முன்னது பின்னதைவிடக் குறைவாகவே இருக்கும். 4 ஓம் என்று சொல்லப்படும் சுருள் 3.2 முதல் 3.7 வரை எதைக் காட்டினாலும் அது நலமாக இருக்கிறது என்றே பொருள். ஐஈசி 60268-5 என்ற பன்னாட்டுத் தரநிலைகூட இம்பீடன்ஸ் தன் பெயரளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. 4 ஓமுக்கு அது 3.2. அளப்பதற்கு முன் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, அது காட்டும் 0.2 அல்லது 0.3 ஓமைக் கழித்துக்கொள்ள வேண்டும். 1 ஓம் இணைப்பில் இந்தக் கழித்தல் இல்லாவிட்டால் அளந்ததற்கே அர்த்தமில்லை.

இந்தச் சோதனை நோய்களையும் காட்டிக்கொடுக்கும். 4 ஓம் சுருள்கள் பக்க இணைப்பில் சுமார் 1.7 காட்ட வேண்டிய இடத்தில் 3.5 காட்டினால், ஒரு சுருள் எரிந்து போயிருக்கிறது அல்லது அதன் கம்பி டெர்மினலில் பிடிக்கவில்லை. இந்த நிலையில் ஸ்பீக்கர் தொடர்ந்து பாடிக்கொண்டுதான் இருக்கும், கொஞ்சம் மெலிந்த குரலில். உயிரோடு இருக்கும் மற்றச் சுருளின் மேல் முழுச் சுமையும் விழுந்து அதுவும் போகும் வரைக்கும் பலர் கவனிப்பதில்லை. தொடரிணைப்பில் ஒரு சுருள் போனால் உடனே மௌனம். பழைய சப்வூஃபர் வாங்குபவர்கள் நான்கு டெர்மினலையும் ஒவ்வொரு சுருளாகத் தனியே அளந்து பார்ப்பது நல்லது.

பாட்டு ஓடும்போது நிலைமை இன்னும் சுவாரசியமானது. மூடிய பெட்டியில் ஒத்ததிர்வு எண்ணுக்கு அருகே இம்பீடன்ஸ் பெயரளவைப் போல் பல மடங்கு உயர்ந்து இறங்கும். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டியில் இரண்டு சிகரங்களும் நடுவே ஒரு பள்ளமும் இருக்கும், அந்தப் பள்ளத்தில் அது கிட்டத்தட்டச் சுருளின் வெறும் தடைக்கே இறங்கிவிடும். சுருள் சூடேறினால் தடை மேலும் கூடும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயர்வதால், 25 டிகிரியில் 3.5 ஓம் காட்டும் சுருள் 200 டிகிரியை எட்டும்போது 5.9 ஓமாகிவிடுகிறது; நீண்ட நேரம் முழு ஒலியில் ஓடும் சப்வூஃபர் மெல்ல மெல்ல மங்குவதற்குக் காரணம் இதுவே. இந்த உயர்வை நம்பி, “எப்படியும் ஓடும்போது ஏறிவிடும்” என்று ஆம்ப்ளிஃபயர் அனுமதிக்காத 1 ஓமுக்கும் அரை ஓமுக்கும் துணிபவர்கள் இருக்கிறார்கள். போட்டிக்காகக் கார் கட்டுபவர்கள், ஒரே அதிர்வெண்ணில் கிளாம்ப் மீட்டரை (கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கருவியை) வைத்து அளந்துவிட்டுச் செய்கிறார்கள்; அவர்கள் கணக்கு வேறு. பாட்டு ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லை. பள்ளத்துக்குள்ளும் அது இறங்கும்.

துருவம் மாறுவதுதான் இந்த வேலையில் நேரக்கூடிய மிக மோசமான தவறு. ஒரு சுருளின் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறிவிட்டால், இரண்டு சுருளும் ஒரே வண்டியை முன்னும் பின்னும் இருந்து தள்ளும் இருவரைப் போல ஆகிவிடும். கூம்பு அசையாது, அசையாததால் எதிர்மின்னியக்கு விசை (அசையும் சுருளில் பிறந்து மின்னோட்டத்தை எதிர்க்கும் வோல்ட்) பிறக்காது, இம்பீடன்ஸ் எந்த அதிர்வெண்ணிலும் உயராது, உள்ளே போகும் வாட் முழுவதும் வெறும் வெப்பமாகும். மல்டிமீட்டர் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் தடை சரியாகவே காட்டும். ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு சுருளிலும் தனித்தனியே ஒரு நொடி தொட்டுப் பார்க்க வேண்டும். நேர்முனையில் நேர்முனை பட்டால் இரண்டு முறையும் கூம்பு வெளிப்பக்கமாகவே அசைய வேண்டும். பாஸ் அறவே இல்லை, ஆனால் ஸ்பீக்கரிலிருந்து வார்னிஷ் வாடை வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இன்னொரு பொறி மோனோ ஆம்ப்ளிஃபயரின் உடலிலேயே இருக்கிறது. பலவற்றில் ஸ்பீக்கருக்கென்று இரண்டு ஜோடி டெர்மினல்கள் இருக்கும். ஒரு ஜோடிக்கு ஒரு சுருள் என்று கட்டினால் ஒவ்வொரு ஜோடியும் 2 ஓமை மட்டுமே பார்க்கும் என்று நினைக்கத் தோன்றும். மோனோ ஆம்ப்ளிஃபயரில் அந்த இரண்டு ஜோடிகளும் உள்ளே ஒன்றாகவே இணைக்கப்பட்டிருக்கின்றன; கம்பி கட்ட வசதிக்காக மட்டுமே இரண்டு வைத்திருக்கிறார்கள். எனவே அப்படிக் கட்டுவது பக்க இணைப்புதான், 1 ஓம்தான். இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயரில் கதை வேறு: சேனலுக்கு ஒரு சுருள் என்று கட்டலாம், ஆனால் இரு சேனலின் கெயினும் (உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அமைப்பும்) சமமாக இருக்க வேண்டும். அந்த இரு சேனல்களையும் ஒரே வெளியீடாகச் சேர்த்தால், அதாவது பிரிட்ஜ் செய்தால், ஒவ்வொரு சேனலும் சுமையின் பாதியைத்தான் பார்க்கும். அதனால்தான் பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே போகாதீர்கள் என்று பெரும்பாலும் எழுதியிருக்கிறது. நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயரின் பின் இரண்டு சேனல்களைப் பிரிட்ஜ் செய்து சப்வூஃபர் ஓட்டுபவர்களுக்கு, தொடரிணைப்பில் 4 ஓம் தரும் 122 மிகப் பொருத்தமானது. 124 அவர்களுக்கு 8 ஓம் தந்து ஏமாற்றும். ஆக, கெட்ட வகை என்று ஒன்றும் இல்லை. ஆம்ப்ளிஃபயரின் விவரத்தாளில் உள்ள மிகக் குறைந்த ஓமை முதலில் படித்துவிட்டு, அதற்கு ஏற்ற சுருளை வாங்க வேண்டும் என்ற வரிசைதான் முக்கியம். நம் ஊரில் அந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

சுமை குறையும்போது கம்பிகளின் கணக்கும் மாறுகிறது. 16 கேஜ் (தடிமன் எண்; எண் குறையக் கம்பி தடிக்கும்) ஸ்பீக்கர் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.013 ஓம், ஆம்ப்ளிஃபயருக்கும் பெட்டிக்கும் 2 மீட்டர் தூரம் என்றால் போக வர 4 மீட்டர், 0.053 ஓம். 4 ஓம் சுமையில் இது ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டும் இழப்பு, மறந்துவிடலாம். 1 ஓம் சுமையில் ஐந்து விழுக்காட்டைத் தாண்டிவிடும். பேட்டரியிலிருந்து வரும் பக்கத்திலும் அப்படியே. 500 வாட் வெளியே வர, 80 விழுக்காடு செயல்திறன் என்று வைத்துக்கொண்டால் 13.8 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர் வேண்டும். 300 வாட்டுக்குச் சுமார் 27 போதும். 5 மீட்டர் நீளமுள்ள 4 கேஜ் செம்புக் கம்பியில் 45 ஆம்பியர் ஓடினால் 0.18 வோல்ட் இழப்பு. 8 கேஜில் 0.46 வோல்ட். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கிட்டுகளில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம் என்பதால் அந்த எண்களை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளலாம். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் பல நேரங்களில் 100 ஆம்பியரைக்கூட எட்டாது. அதில் ஏசியும் விளக்கும் விசிறியும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் பாட்டுக்கு. ஆம்ப்ளிஃபயர்களின் வாட்டை ஒப்பிட 2003-இல் அமெரிக்காவில் வந்த சிஈஏ-2006 தரநிலை 14.4 வோல்ட்டில்தான் அளக்கச் சொல்கிறது. சிக்னலில் நிற்கும் ஸ்விஃப்டில் அந்த வோல்ட்டை எதிர்பார்க்க முடியாது. குறைந்த ஓமைத் துரத்திப் போகிறவர்கள் பேட்டரி முனையில் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, கடைசியில் 4 ஓம்காரர் பெறும் வாட்டுக்கே வந்து சேர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

மைத்துனனின் வண்டியில் தொடரிணைப்புதான் போட்டோம். இரண்டு சுருளையும் இணைக்கும் ஜம்பர் கம்பி காந்தத்தைச் சுற்றிப் பெட்டிக்குள் போவதால், அதைச் சட்டகத்தோடு இறுகக் கட்டினோம். தளர்வாக விட்டால் கூம்பின் பின்புறத்தில் பட்டு, எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்கவே முடியாத ஓர் அதிர்வொலி பிறக்கும். டெர்மினலில் 3.5 ஓம் காட்டியது. கெயினை வைக்க, சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, பாஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் அளவுக்கு ஏற்றி, முழு அளவில் பதிவு செய்த 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் 34.6 வோல்ட் ஏசி வரும்வரை திருகினோம். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண் அது. அதற்கு மேல் ஒரு பொட்டும் திருகக் கூடாது. சுருள்களை எரிப்பது பெரும்பாலும் ஓம் அல்ல, எல்லை மீறி உச்சி வெட்டுப்பட்ட அலையைத் தொடர்ந்து தள்ளும் கெயின்தான்.

இப்போது அவன் இன்னொரு 122-ஐத் தேடிக்கொண்டிருக்கிறான், அந்தத் தேடலை நானும் ஆதரிக்கிறேன். ஒவ்வொன்றையும் தொடரிணைப்பில் 4 ஓமாகக் கட்டி, அந்த இரண்டு 4 ஓமையும் ஆம்ப்ளிஃபயரின் இரண்டு ஜோடி டெர்மினல்களில் தனித்தனியே செருகினால், உள்ளே அவை பக்க இணைப்பாகி, முதலில் கிடைக்காமல் போன அந்த 2 ஓம் வந்துவிடும். வாட் 500 ஆவதால் 2.2 டெசிபல், அருகருகே இருக்கும் இரண்டு கூம்புகள் ஒன்றாக இயங்குவதால் இன்னொரு 3 டெசிபல், மொத்தம் 5 டெசிபலுக்கு மேல். ஒவ்வொரு சப்வூஃபருக்கும் இப்போதைய 300-க்குப் பதில் 250 வாட்தான் போகும் என்பதால் சூடும் சற்றுக் குறையும். அதற்கு விலையாக டிக்கியில் இரண்டு பெட்டிக்கான இடம் போய்விடும். 268 லிட்டர் டிக்கியில் ஊருக்குப் போகும்போது பெட்டி படுக்கையை எங்கே வைப்பது என்பதை அவன் தன் மனைவியிடம்தான் பேசி முடிக்க வேண்டும். பேசி முடித்தால் கெயினையும் மறுபடி வைத்துத் தர வேண்டும்: இந்த முறை 34.6 அல்ல, 31.6 வோல்ட்.